கிணறு எந்தத் தெருவில்? சேரியும் அரசின் நலத்திட்டங்களும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் தலைவர்களின் வாழ்வையும் போராட்டத்தையும் பேசுவது நம் வழக்கம். இம்முறை அரசுக் கோப்புகளில் தூங்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். சேரிக்கென்று அரசு செய்த வீட்டுமனை, கிணறு, பள்ளி, பின்னாளில் வந்த அங்கன்வாடி ஆகியவை எப்படித் திட்டமிடப்பட்டன என்பதே அது. எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்று கேட்கப் பழகிவிட்டோம். எந்த இடத்தில் கட்டினார்கள் என்று கேட்டால் வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்கீர், பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு எழுதிய அறிக்கை பஞ்சமி நிலத்தின் தோற்றுவாயாக நம் எல்லோருக்கும் தெரியும். அதையொட்டி 1892இல் வந்த ஆணையை முன்வைத்தே மீட்புப் போராட்டங்கள் இன்றும் நடக்கின்றன. 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் இறந்ததும் அந்த மண்ணுக்காகத்தான். ஆனால் அந்த அறிக்கையில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு, அது குடியிருப்பு பற்றியது. தரிசுக்குத் தர்க்காஸ்து போட்டால் மிராசுதார் குறுக்கே நின்றதைப் போலவே, குடிசை நின்ற தரையும் தன்னுடையது என்றார். கூலியை உயர்த்திக் கேட்டவரை, வேறு பண்ணைக்குப் போக நினைத்தவரை மிரட்ட அடியாள் தேவைப்படவில்லை. "வீட்டைப் பிரித்துக்கொண்டு போ" என்ற ஒரு வார்த்தை போதும்.

1920 வாக்கில் சென்னை மாகாண அரசு லேபர் கமிஷனர் பதவியை ஏற்படுத்தி, ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலனை அவரிடம் ஒப்படைத்தது. ஆலைத் தொழிலாளர் பிரச்சினையும் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் ‘சீர்திருத்த’மும் அதே மேசைக்குத்தான் போயின. தீண்டாமையை ஒழிப்பதற்கு ஏன் தொழிலாளர் துறை? அரசின் கண்ணுக்கு நாம் முதலில் உழைக்கும் கைகளாகத் தெரிந்தோம் என்பதைத் தவிர வேறு விளக்கம் நமக்குத் தோன்றவில்லை.

அந்தத் துறை செய்த வேலைகளில் முக்கியமானது வீட்டுமனை. மிராசுதாரர்களின் பிடி மிகக் கடுமையாக இருந்த தஞ்சையில் இது உயிர்ப் பிரச்சினை. நிலமெடுப்புச் சட்டத்தின் கீழ் மனைக்கான நிலம் கையகப்படுத்தப்பட்டது. அதன் விலையைக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தவணை தவணையாகத் திருப்பிக் கட்டியவர்கள் சேரி மக்கள். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மண்ணுக்கு, பண்ணையில் வாங்கிய அரைக்கூலியிலிருந்து விலை கொடுத்தார்கள். இலவசங்களில் வாழ்பவர்கள் என்று இன்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்களுக்கு அந்தத் தவணைக் கணக்கைத்தான் எடுத்துக்காட்ட வேண்டும். அப்படியும் வேலை முடியவில்லை. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டு மூன்றாண்டுகள் கழித்துத்தான், 1971இல், குடியிருப்பவருக்கே மனையைச் சொந்தமாக்கும் சட்டம் தமிழகத்தில் வந்தது. லேபர் கமிஷனர் பதவி வந்ததிலிருந்து ஐம்பது ஆண்டுகள்.

கிணறும் பள்ளியும் வேறு சிக்கல். பொதுப்பணத்தில் நடந்த பள்ளிகள் பல அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் சாவடியிலும் இருந்தன. பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று பள்ளி சொல்லத் தேவையில்லை, தெருவே சொல்லிவிடும். அரசுக்கு இரண்டு வழிகள் இருந்தன: பள்ளியை எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றலாம், அல்லது சேரிக்குள் தனிப்பள்ளி திறக்கலாம். முதலாவது ஊரோடு மோதும் வேலை. லேபர் துறை பெரும்பாலும் இரண்டாவதையே செய்தது. கிணற்றிலும் அதே கதை.

இத்தனைக்கும் பொது உரிமைக்கான குரல் அப்போதே சட்டமன்றத்தில் ஒலித்தது. பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று வழங்க வேண்டும் என்று எம்.சி.ராஜா முயன்று, 1922இல் அரசாணை பெற்றார். பொதுத்தெரு, கிணறு, குளம், அலுவலகம் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். ஆக, அரசிதழில் பொதுக்கிணறு எல்லோருக்கும் திறந்துகிடந்தது. தரையில் சேரிக்குத் தனிக்கிணறு தோண்டப்பட்டுக்கொண்டிருந்தது. பம்பாய் மாகாணத்திலும் இதுதான் நடந்தது. மகாத் நகராட்சி 1924இல் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானோரும் போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோது அடி விழுந்தது. சில மாதங்களில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. வழக்கு உயர்நீதிமன்றத்தில் முடிய 1937 ஆயிற்று.

தனிக்கிணறு தவறு என்று இங்கே உட்கார்ந்து சொல்வது நமக்கு எளிது. கோடையில் ஊர்க்கிணற்றடியில் எட்டி நின்று, யாராவது குடத்தில் ஊற்ற மாட்டார்களா என்று காத்திருந்த பாட்டிகளுக்கு அது விடுதலைதான். லேபர் ஸ்கூல் இல்லையென்றால் நம்மில் பலரது குடும்பத்தில் முதல் கையெழுத்தே விழுந்திருக்காது. ஆனால் அந்தக் கிணற்றால் ஊருக்கும் ஒரு லாபம் இருந்தது. தன் கிணற்றைத் திறக்கும் கடமை அதற்கு இல்லாமல் போயிற்று.

இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. உணவு உரிமை வழக்கில் உச்சநீதிமன்றம் 2004இல் இரண்டு விஷயங்களைச் சொன்னது. மதிய உணவு சமைப்போர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை வேண்டும். தலித், பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் விரைவில் அங்கன்வாடி கிடைக்க வேண்டும். திட்டமிடும் அதிகாரி வரைபடத்தில் புள்ளி வைக்கும்போதே சாதி அங்கே இருக்கிறது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்ட தருணம் என்றே இதை நாம் படிக்கிறோம். மையம் ஊர்த்தெருவில் இருந்தால் நம் பிள்ளைகள் போகத் தயங்குகிறார்கள். காலனியில் இருந்தால் ஊர்ப் பிள்ளைகள் வருவதில்லை. நம் பெண் சமைத்தால் தட்டைத் தள்ளிவிட்டுப் போகும் பெற்றோரைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. 2022 டிசம்பர் இறுதியில் வேங்கைவயலில் மலம் கலந்து கிடந்ததும் தலித் தெருவுக்கென்று கட்டப்பட்ட குடிநீர்த் தொட்டியில்தான்.

2023ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையோடு இணைப்பதாகத் தமிழக அரசு அறிவித்தது. எங்கள் அமைப்புக்குள்ளேயே இதில் இரண்டு கருத்துகள் உண்டு. சாதிப்பெயர் தாங்கிய பள்ளி போகட்டும் என்கிறார்கள் இளையவர்கள். அந்தப் பள்ளிகளுக்கென்று எடுத்த நிலமும் விடுதியும் யார் கைக்குப் போகும் என்று கேட்கிறார்கள் மூத்தவர்கள். உங்கள் ஊரில் அப்படியொரு பள்ளி இருந்தால், அதன் இடம் எந்த ஆண்டு, யாரிடமிருந்து, எந்தக் கணக்கில் வாங்கப்பட்டது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து நகல் வாங்கி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு பேசுவோம்.