வறண்ட ஆறும் வறிய குடியும்: 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் இருபதாம் நூற்றாண்டுச் சமூக வரலாற்றை ஆராய முற்படும் எவரும் 1934–35 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த மலேரியாக் கொள்ளைநோயைக் கடந்து செல்லுதல் இயலாது. 1934 ஒக்டோபர் மாதமளவில் பரவத் தொடங்கி, அவ்வாண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் உச்சமடைந்த இந்நோய், ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த இத்தீவிலே 15 இலட்சம் பேரளவிலானோரைப் பீடித்தது. வழமையான இறப்புக்களுக்கு மேலாக ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. மாண்டோருட் பெரும்பகுதியினர் ஏழைக் கிராமத்தவரும் அவர்தம் குழந்தைகளுமாவர். இவ்வழிவு ஏன் நேர்ந்தது என்னும் வினாவுக்கு வானிலையாளர் ஒரு விடை கூறுவர். பூச்சியியலாளர் வேறொரு விடை கூறுவர். பொருளியலாளரும் அரசியலாளரும் பிறிதொன்று கூறுவர். ஒவ்வொரு விடையும் உண்மையே. ஆயினும் எதுவும் முழுமையானதன்று. இவ்விடைகள் எவ்வாறு தனித்தனியே தோன்றின, எங்கே ஒன்றுசேர்ந்தன, ஒன்றுசேராத இடங்களில் இழப்புக்குள்ளானோர் யாவர் என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலேரியா இலங்கைக்குப் புதியதொரு நோயன்று. வன்னி முதலாக வடமத்திய மாகாணம் ஈறாக, உலர் வலயத்துக் குளக் கிராமங்களில் அது ஆண்டுதோறும் நிலைத்திருந்தது. வீக்கமுற்ற மண்ணீரலையுடைய சிறார் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கே ஒரு பிரதேசத்தின் மலேரியா நிலையை அளக்கும் கோலாக அக்காலத்திற் பயன்பட்டது. குழந்தைப் பருவத்தைத் தப்பிப் பிழைத்து வளர்ந்தோர் நோய்க்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர். ஆனால் 1934 இல் பேரழிவு நேர்ந்த களம் உலர் வலயமன்று. ஈர வலயத்திலும் அதன் எல்லைப் புறங்களிலும் அமைந்த கேகாலை, குருநாகல் முதலிய மாவட்டங்களே மிகக் கொடிய பாதிப்புக்குள்ளாயின. அங்கு வாழ்ந்த மக்களிடம் அத்தகைய எதிர்ப்பாற்றல் பெரிதும் இருக்கவில்லை.

நீர்வளம் மிக்க பிரதேசத்தில் இந்நோய் இவ்வாறு மூண்டதற்கான காரணம் நீரின்மையே என்பது முதலில் வியப்பைத் தரலாம். 1934 இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. பெருக்கெடுத்தோட வேண்டிய மகா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை முதலியவற்றில் ஓட்டம் குன்றி, மணற்படுகைகளிலும் பாறை இடுக்குகளிலும் தெளிந்த நீர் தேங்கிய குட்டைகள் எண்ணிறந்து தோன்றின. வெயில் படும் இத்தகைய தேங்குநீரே அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பினத்துக்கு உகந்த பெருக்கிடமாகும். ஆறு பெருகியோடும் ஆண்டுகளில் இந்நுளம்பின் முட்டைகளும் குடம்பிகளும் வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்படும். ஆறு வற்றிய அவ்வாண்டிலோ கரையோரக் கிராமங்கள் அனைத்தும் அதன் பெருக்கத்துக்கு இரையாயின.

இவை கொள்ளைநோய்க்குப் பின்னர் புதிதாகக் கண்டறியப்பட்டவை அல்ல. இலங்கையின் மலேரியா ஆய்வுக்கு அடித்தளமிட்ட எச். எஃப். காட்டர் 1920 களிலேயே இத்தீவின் அனோபிலிஸ் இனங்களை ஆராய்ந்து, நோயைப் பரப்புவதில் குலிசிபேசிஸ் இனத்துக்குள்ள முதன்மையை நிறுவியிருந்தார். நாடெங்கும் மழைவீழ்ச்சி பதிவு செய்யப்பட்டு வந்தது. பெருந்தோட்டப் பொருள்களின் விலைவீழ்ச்சியை வர்த்தகரும் திறைசேரியும் நன்கறிந்திருந்தனர். கிராமங்களிற் பசி பரவியதைக் கிராமத்தவரும் தலைமைக்காரரும் அறிந்திருந்தனர். அறிவு இல்லாமையன்று, அவ்வறிவு சிதறிக் கிடந்தமையே அன்றைய குறையாகும். மழைக் கணக்கையும் நுளம்புக் கணக்கையும் கூலிக் கணக்கையும் ஒருங்கே வைத்து நோக்கி, வரவிருப்பதை முன்னுணர்த்தும் வலுவான ஏற்பாடு எதுவும் அன்று இருக்கவில்லை.

கூலிக் கணக்கு இவ்விடத்துச் சிறப்பாக நோக்கற்பாலது. 1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றன் விலையையும் வீழ்த்தியது. கேகாலை இறப்பர் விளையும் மாவட்டம். குருநாகல் தெங்கு விளையும் மாவட்டம். சிறு நிலத்தோடு தோட்டக் கூலியையும் நம்பி வாழ்ந்த கிராமத்தவர் வேலையிழந்தனர். அதே வறட்சி நெல் விளைச்சலையும் கெடுத்தது. காய்ச்சல் வந்தபோது நிலைமை மேலும் மோசமாயிற்று. காய்ச்சலிற் கிடந்தவன் கூலி இழந்தான்; கூலி இழந்தவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை; உணவற்ற உடல் அடுத்த காய்ச்சலைத் தாங்கவில்லை. நுளம்பு செல்வரையும் வறியவரையும் வேறுபாடின்றிக் கடிக்கலாம். ஆயினும் குயினைனும் வைத்தியரும் நல்லுணவும் எட்டும் தொலைவில் இருந்தவர் பிழைப்பதும், அவை எட்டாதவர் மடிவதும் நுளம்பின் இயல்பால் விளைந்த வேறுபாடல்ல.

இத்தகைய இணைப்பை மருத்துவ உலகம் முன்னரே கண்டிருந்தது. பஞ்சாபில் 1908 இல் நிகழ்ந்த பெரும் மலேரியாக் கொள்ளைநோயை ஆராய்ந்த எஸ். ஆர். கிறிஸ்தோபர்ஸ், 1911 இல் வெளியிட்ட அறிக்கையில் மழையையும் உணவுப் பஞ்சத்தையும் அழிவின் இரு காரணங்களாக எடுத்துக்காட்டினார். அப்பஞ்சாபிலேயே நெடுங்காலம் பொதுச் சுகாதாரப் பணியாற்றிய சி. ஏ. கில் என்பவர் இலங்கைக் கொள்ளைநோய் பற்றி 1935 இல் அறிக்கை எழுதினார். இலங்கையின் மருத்துவ, சுகாதாரப் பணிப்பாளராகவிருந்த ஆர். பிறையர்கிளிஃப் என்பாரும் விரிவானதோர் அறிக்கை எழுதினார். நிவாரணப் பணிகளுக்குப் பொறுப்பாகவிருந்த எச். ஈ. நியூனம் சமர்ப்பித்த அறிக்கையின் தலைப்பிலேயே நோயும் உணவுத் தட்டுப்பாடும் அருகருகே இடம்பெற்றன. ஆயினும் காரணங்களுட் பசியை எவ்வளவு தூரம் ஏற்பது என்பது ஆய்வு வினா என்ற எல்லையைக் கடந்ததாகும். மழை பொய்த்தமைக்கு எந்த ஆட்சியும் பொறுப்பாகாது. பசிக்கு அவ்வாறு கூறிவிட முடியாது.

ஆய்வாளர் தயங்கிய இவ்விணைப்பைக் களத்தில் இறங்கியோர் நேரே கண்டனர். சூரியமல் இயக்கத்தைச் சார்ந்த இளைஞர் கேகாலை மாவட்டத்தில் நிவாரணப் பணியில் ஈடுபட்டனர். மருத்துவரான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அரசியலறிவியல் பயின்று திரும்பியிருந்த என். எம். பெரேராவும் இப்பணியோடு தொடர்புடையோராவர். குயினைன் கொடுக்கச் சென்றவர்கள், மருந்தை ஏற்கும் வலுவும் அற்ற உடல்களைக் கண்டனர். ஈஸ்ட் சாறாகிய மார்மைட்டைச் சிறு உருண்டைகளாக்கி மருந்தோடு வழங்கினர். இவ்வுருண்டை சிறிய செய்தியெனத் தோன்றலாம். எனினும் நோயாளியின் காய்ச்சலையும் அவர்தம் வயிற்றையும் ஒரே நோயின் இரு கூறுகளாகக் கண்ட பார்வை அதனுள் அடங்கியிருந்தது.

இப்பார்வை அரசியலாக உருப்பெற்றமைக்கு வேறொரு காரணமும் உண்டு. 1931 இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியிருந்தது. குழந்தையைப் புதைத்த கேகாலைக் கிராமத்தவனும் அவன் மனைவியும் வாக்காளராயிருந்தனர். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி உருவாயிற்று. 1936 அரசாங்க சபைத் தேர்தலில் ருவன்வெல்லையில் என். எம். பெரேராவும் அவிசாவளையில் பிலிப் குணவர்த்தனவும் வெற்றி பெற்றனர். 1926 இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு முறை கொள்ளைநோயின் பின்னர் விரிவடைந்தது. கிராமப்புற வைத்தியசாலைகளும் மருத்துவிச்சியர் சேவையும் பெருகின. 1940 களிற் பங்கீட்டு அரிசியும் இலவசக் கல்வியும் வந்து சேர்ந்தன. இவை யாவும் கொள்ளைநோயின் நேரடி விளைவுகள் எனக் கூறுதல் மிகையாகும். ஆயினும் வறியவரின் மரணம் ஆட்சியாளர் செவிமடுக்க வேண்டிய செய்தியாக மாறியதில் வாக்குரிமைக்குப் பெரும் பங்குண்டு என்பது மறுக்கற்பாலதன்று.

பத்தாண்டுகளின் பின்னர் டி.டி.ரி. வந்தது. 1946–47 இல் வீட்டுச் சுவர்களில் அது நாடளாவிய ரீதியில் தெளிக்கப்பட்டது. 1946 இல் ஆயிரவருக்கு 20.3 ஆகவிருந்த இறப்பு வீதம் 1947 இல் 14.3 ஆக வீழ்ந்தது. குழந்தை இறப்பு வீதம் 141 இலிருந்து 101 ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சி உலகெங்கும் டி.டி.ரி. யின் வெற்றியாகப் பேசப்பட்டது. ஆனால் எஸ். ஏ. மீகம என்னும் ஆய்வாளர், மலேரியா அரிதாயிருந்த பகுதிகளிலும் இறப்பு குறைந்தமையைச் சுட்டிக்காட்டி இக்கூற்றை வினாவுக்குட்படுத்தினார். பொருளியலாளரான பீற்றர் நியூமன், மண்ணீரல் கணக்கின் துணையோடு மாவட்டங்களை ஒப்பிட்டு, போருக்குப் பிந்திய வீழ்ச்சியில் ஐந்தில் இரண்டு பங்களவு மலேரியா ஒழிப்பின் பயன் என்றார். 1974 இல் ஆர். எச். கிறே அப்பங்கு நான்கிலொன்றினும் சற்றுக் குறைந்ததே எனக் கணித்தார். எஞ்சிய பங்கு உணவுக்கும் வைத்தியசாலைக்கும் கல்விக்கும் உரியதாகின்றது. குடித்தொகையியலும் பொருளியலும் மருத்துவமும் ஒரே கணக்கின் மீது மோதியதாலேயே இத்தெளிவு கிடைத்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஒற்றை மருந்தின் மீது கொண்ட நம்பிக்கை பின்னர் சோதனைக்குள்ளாயிற்று. 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. நுளம்பு டி.டி.ரி. க்கு எதிர்ப்பாற்றல் பெற்றமை இதற்கொரு காரணமாகும். மழைநீர் தேங்கிய மாணிக்கக் குழிகளும் அவற்றை நாடிப் பிழைப்புக்காக இடம்பெயர்ந்த வறியோரின் நடமாட்டமும் வேறு காரணங்களாகும். மாணிக்கக் குழியைத் தோண்டியவனின் பொருளாதார நிலையை அறியாமல் அக்குழியில் வளர்ந்த நுளம்பை விளங்கிக்கொள்ளுதல் அரிது.

சராசரி எண்கள் மறைக்கும் ஏற்றத்தாழ்வுக்குத் தோட்டப் பகுதியே கொடிய சான்றாகும். 1948 இன் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. அவர்களுக்கான மருத்துவ வசதி நாட்டின் பொதுச் சுகாதார சேவையினின்றும் விலகித் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பிலேயே நெடுங்காலம் இருந்தது. 1973–74 இல் உலக உணவு நெருக்கடியால் அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டபோது, பயிரிட நிலமுமின்றிக் கூலியை மட்டும் நம்பியிருந்த தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. அங்கு அவ்வாண்டு கொள்ளைநோய் மூளவில்லை. ஆறு வற்றி நுளம்பு பெருகவுமில்லை. கேகாலையில் 1934 இற் செயற்பட்ட பசி இங்கே தனித்து நின்று தன் வேலையைச் செய்தது. கேகாலைக் கிராமத்தவனுக்கு 1936 இல் இருந்த வாக்குச்சீட்டு இவர்களுட் பலருக்கு 1974 இல் இல்லை. இவ்வேறுபாட்டைச் சுகாதாரப் புள்ளிவிபரம் தனித்து நின்று விளக்காது. சட்ட வரலாற்றையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும்.

மலேரியாவின் இறுதி அத்தியாயம் போர்ச் சூழலில் எழுதப்பட்டது. 1999 இல் 2,64,000 க்கும் மேற்பட்ட நோயாளர் பதிவாயினர். வடக்கும் கிழக்கும் சுமையின் பெரும்பங்கைத் தாங்கின. பிரதேச மலேரியா அலுவலர்களும் பூச்சியியல் ஊழியர்களும் தொண்டு நிறுவனங்களும் போர் எல்லைகளைக் கடந்து பணியாற்றினர். நடமாடும் இரத்தப் பரிசோதனையும் மருந்தூட்டிய நுளம்புவலையும், இடத்துக்கேற்ப மாற்றப்பட்ட தெளிமருந்தும் ஒருங்கே பயன்பட்டன. 2012 ஒக்டோபரில் உள்நாட்டிலேயே தொற்றிய இறுதி நோயாளர் பதிவானார். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றுபடுத்தியது.

அச்சான்றிதழ் ஒட்டுண்ணி அகன்றதற்கே உரியது. குலிசிபேசிஸ் நுளம்பு இன்னும் இந்நாட்டு ஆறுகளில் உண்டு, வறுமையும் உண்டு. 1990 களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடையே அறியப்பட்டு வரும் சிறுநீரக நோய்க்கு இதுவரை ஐயத்துக்கிடமின்றி ஒரு காரணம் நிறுவப்படவில்லை. நீரின் வன்மை, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உழைக்கும் உடலின் நீரிழப்பு எனப் பல கருத்துக்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இங்கும் நோயாளி வறிய உழைப்பாளியே. இங்கும் அறிவு பல துறைகளின் கோவைகளிற் பிரிந்து கிடக்கின்றது. 1934 இல் மழைமானியை வாசித்தவரும், நுளம்பை எண்ணியவரும், இறப்பர் விலையைக் குறித்தவரும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பின் எத்தனை உயிர்கள் எஞ்சியிருக்கும் என்பதை எவராலும் கணித்தல் இயலாது. அம்மேசையை இன்று அமைத்தல் இயலும். வெவ்வேறு பீடங்களை ஒரே வளாகத்திற் கொண்ட பல்கலைக்கழகத்துக்கு அது முதற் கடமையுமாகும்.