அட்டாரி 2600: ஒரே எண், ஊருக்கொரு நிறம்

பழைய அட்டாரி 2600 விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரில் என்.டி.எஸ்.சி, பால், செகாம்னு மூணு ஆப்ஷன் இருக்கும் (குடிக்கிற பால் இல்லீங்க, டிவி முறை). போன வாரம் 1982-ல வந்த ‘பிட்ஃபால்’ ஆடும்போது சும்மா செகாமுக்கு மாத்தினேன். காடு காடாவே இல்லை! கண்ணைக் குத்தும் சில நிறங்கள்தான். ஏன்னு தேடினப்போ கிடைச்ச கதை இது.

1977-ல அமெரிக்காவில் வந்த இந்தப் பெட்டியின் மொத்த நினைவகமே 128 பைட். படத்தைச் சேமிக்க இடமே கிடையாது. டிவி கோடு கோடாக வரையும்போதே, ஜே மைனரும் ஜோ டெக்யூரும் வடிவமைச்ச டியா என்ற சிப் நிறத்தை உண்டாக்கி அனுப்பணும்.

எப்படி? என்.டி.எஸ்.சி டிவியில் நிறம் என்பது நொடிக்குச் சுமார் 35.8 லட்சம் முறை துடிக்கும் ஓர் அலை. ஒவ்வொரு கோட்டின் ஆரம்பத்திலும் ஒரு மாதிரி அலை போகும். அதிலிருந்து எவ்வளவு தாமதமாக அலை வருதோ, அதுதான் நிறம். டியா செய்தது அந்தத் தாமதத்தை மட்டும்தான். அதே துடிப்பை மூணால் வகுத்துப் பிராசசருக்கும் கொடுத்துட்டாங்க. காமர்ஸ் படிக்கிற எனக்கு இது அருமையான காஸ்ட் கட்டிங்!

ஆக, கார்ட்ரிட்ஜில் இருப்பது நிறம் இல்லை, வெறும் எண். அமெரிக்காவில் 128 நிறம். 1967-ல மேற்கு ஜெர்மனியில் தொடங்கிய பால் முறையில் (1982-ல நம்ம தூர்தர்ஷன் கலருக்கு மாறினப்போ எடுத்துக்கிட்டதும் இதுதான்) அலையே வேறு. கோட்டுக்குக் கோடு திசையும் மாறும். அதுக்குத் தனி சிப் செஞ்சாங்க, 104 நிறம் தேறுச்சு. ஆனா எண்கள் இடம் மாறிடுச்சு. 1-ம் எண் நிறம் அமெரிக்காவில் மஞ்சள், பால் பெட்டியில் சாம்பல்! விளையாட்டுக்கு நிற எண்களைத் திரும்ப எழுதணும்.

பாவம் பிரான்ஸ். அவங்க செகாம் முறையில் நிறம் தாமதத்தில் இல்லை, அலைவரிசை மாற்றத்தில் இருக்கு. டியாவின் தந்திரம் அங்கே செல்லாது. அதனால நிற எண்ணையே விட்டுட்டு, வெளிச்ச அளவை மட்டும் வச்சு 8 நிறம் கொடுத்தாங்க: கருப்பு, நீலம், சிவப்பு, மெஜந்தா, பச்சை, சியான், மஞ்சள், வெள்ளை. ஒரே வெளிச்சம் உள்ள சிவப்பும் பச்சையும் அங்கே ஒரே நிறம். எதிரி பின்னணியோட கலந்து மறைஞ்சா ஆடுற பையன் என்ன பண்ணுவான்?

சரி, அமெரிக்கப் படம்தான் அசலா? அந்தப் பெட்டிக்குள்ளே தாமதத்தைச் சரிசெய்ய ஒரு குட்டித் திருகு இருக்கு. டிவியிலும் நிறம் மாத்த ஒரு குமிழ். பக்கத்து வீட்டுப் பிட்ஃபாலே வேற பச்சையா இருந்திருக்கும். நான் மறுபடி என்.டி.எஸ்.சிக்கே மாத்திட்டேன். அந்தப் பச்சையும் எமுலேட்டர்காரங்க கணக்குப் போட்டு வச்சதுதான்.