திரையில் ஒரு எண், பலகையில் ஒரு எண்

1986 பிப்ரவரி 9, ஞாயிறு இரவு. மணிலா விரிகுடாவை ஒட்டி, கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில் நிற்கும் சர்வதேச மாநாட்டு மையத்தில் அதிபர் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம், 20 ஆண்டுகளாக அதிபராக இருக்கும் ஃபெர்டினாண்ட் மார்கோஸ். எதிர்ப்பக்கம், கொரஸோன் அக்கினோ. இவருடைய கணவர் பெனிக்னோ அக்கினோ, மார்கோஸின் முக்கிய அரசியல் எதிரி. 1983-இல் மணிலா விமான நிலையத்தில் இறங்கியதுமே சுட்டுக் கொல்லப்பட்டவர்.

மாகாணங்களிலிருந்து வரும் எண்களைக் கணினியில் ஏற்றுவது ஒரு சிறு அணியின் வேலை. பெரும்பாலும் இளம்பெண்கள், அரசு ஊழியர்கள். ஒரு கட்டத்தில் அவர்களுக்கு ஒரு விஷயம் உறைக்கிறது. தங்கள் கணினி காட்டும் எண் வேறு, வெளியே அரங்கத்தில் பெரிய பலகையில் ஏறும் எண் வேறு.

சுமார் 35 பேர் எழுந்தார்கள். பத்திரிகையாளர்களும் வெளிநாட்டுப் பார்வையாளர்களும் பார்த்துக்கொண்டிருக்க, வரிசையாக வெளியே நடந்தார்கள். சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். போக வேறு இடம் இல்லாமல் பக்லாரன் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார்கள்.

கோஷம் போடவில்லை, கல்லெறியவில்லை. தப்பான டேட்டாவுக்குத் துணைபோக முடியாது என்று ஸீட்டை விட்டு எழுந்தார்கள், அவ்வளவுதான். பிலிப்பைன்ஸில் "நல்ல குடிமகன்" என்றால் என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் என் மனம் இந்தக் காட்சிக்குத்தான் திரும்புகிறது. காரணம், பிலிப்பினோ பண்புகள் என்று புத்தகங்களில் பட்டியல் போடுகிறார்களே, அதன்படி பார்த்தால் இவர்கள் செய்தது கிட்டத்தட்ட எல்லாமே தப்பு.

அந்தப் பட்டியலில் வழக்கமாக வரும் மூன்று சொற்களைப் பார்ப்போம். முதலாவது, உத்தாங் நா லோஓப். "லோஓப்" என்றால் உள், உள்ளம். "உத்தாங்" என்றால் கடன். பணத்தால் தீராத, உள்ளத்தில் கிடக்கும் நன்றிக்கடன். நம் ஊரில் செஞ்சோற்றுக் கடன் என்கிறோமே, கர்ணனைக் கடைசிவரை துரியோதனன் பக்கம் நிறுத்தியது, அதற்கு மிக நெருக்கமான சொல். இரண்டாவது ஹியா: வெட்கம், கூச்சம், நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாது என்ற உணர்வு. மூன்றாவது பாக்கிக்கிசாமா: கூட இருப்பவர்களோடு ஒத்துப்போவது. அங்கே ஒருவரைத் திட்ட வேண்டுமென்றால் "வாலாங் ஹியா" என்பார்கள். வெட்கம் கெட்டவன்! நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

இப்போது அந்த 35 பேரைப் பாருங்கள். சம்பளம் கொடுத்த அரசுக்கு நன்றிக்கடன்? தீர்க்கவில்லை. மேலதிகாரியை உலகத்தின் முன் தலைகுனிய வைக்காத நாசூக்கு? இல்லை. ஒத்துப்போனார்களா? சுத்தமாக இல்லை.

அப்படியானால் அந்தப் பட்டியலை எழுதியது யார்? இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஸ்பானியர்கள் 300 ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தீவுகளை ஆண்டார்கள். அவர்கள் ஓயாமல் சொன்ன குற்றச்சாட்டு: இங்குள்ளவர்கள் சோம்பேறிகள். 1890-இல் ஹோஸே ரிஸால் இதற்குப் பதில் எழுதினார். கண் மருத்துவர், நாவலாசிரியர், அப்போது 29 வயது. மாட்ரிட்டிலிருந்து வந்துகொண்டிருந்த 'லா சொலிடாரிடாட்' இதழில் அது தொடராக வந்தது. "நாங்கள் சோம்பேறிகள் இல்லை" என்று அவர் வாதாடியிருந்தால் அது சாதாரணக் கட்டுரை. அவரோ, ஆமாம், சோம்பல் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அது நோயின் காரணம் இல்லை, விளைவு என்றார். ஸ்பானியர் வருவதற்கு முன் இதே மக்கள் கடல்கடந்து வணிகம் செய்தவர்கள். வந்த பிறகு என்ன ஆனது? 16 வயது முதல் 60 வயது வரையான ஆண்கள் வருடத்துக்கு 40 நாள் கட்டாய உழைப்பு தர வேண்டும். வயலை அப்படியே போட்டுவிட்டுக் காட்டில் மரம் வெட்டவும் கப்பல் கட்டவும் போக வேண்டும். உழைப்பின் பலன் வேறொருவனுக்குப் போகும் என்று தெரிந்தபின் எவன் விழுந்து விழுந்து உழைப்பான்?

புரொக்ராமர் பாஷையில் சொன்னால், ரிஸால் செய்தது ரூட் காஸ் அனாலிசிஸ். யூசரைத் திட்டாதே, சிஸ்டத்தைப் பார் என்றார். 1896 டிசம்பர் 30-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

1972-இல் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தபோது பழைய குற்றச்சாட்டு புது உடுப்பில் வந்தது. நாடு முன்னேற வேண்டுமானால் ஒழுக்கம் வேண்டும் என்பதுதான் ஆட்சியின் முழக்கம். ஒழுக்கம் மக்களுக்கு. ஆள்பவர்களுக்கு அல்ல.

இடையில் சமூக அறிவியலாளர்களும் பட்டியல் போட்டார்கள். 1960-களில் அத்தனேயோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஃப்ராங்க் லிஞ்ச் என்ற அமெரிக்க மானுடவியலாளர், உறவுகள் உரசாமல் வழுக்கிப் போவதுதான் பிலிப்பினோக்களுக்கு மிக முக்கியம் என்று எழுதினார். தப்பான கவனிப்பு இல்லை. ஆனால் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் விர்ஹிலியோ என்ரிகெஸ் இதில் ஒரு சிக்கலைப் பார்த்தார். நன்றிக்கடன், வெட்கம், ஒத்துப்போதல் – இவை எல்லாமே வளைந்துகொடுக்கும் பண்புகள். ஏன் இவை மட்டும் பட்டியலில் ஏறின? இதே மக்களிடம் லக்காஸ் நாங் லோஓப் என்ற சொல்லும் இருக்கிறதே, உள்ளத்தின் வலிமை, துணிவு? பாக்கிக்கிபாக்கா இருக்கிறதே, சேர்ந்து நின்று போராடுவது? இவை ஏன் பாடப்புத்தகத்துக்குள் வரவில்லை?

கவனியுங்கள், கடனிலும் அதே லோஓப், துணிவிலும் அதே லோஓப். ஒரே உள்ளத்தின் இரண்டு வேலைகள்.

இவை எல்லாவற்றுக்கும் வேர் கப்வா என்ற சொல் என்றார் என்ரிகெஸ். "பிறர்" என்று அகராதியில் இருக்கும். ஆனால் அந்தச் சொல்லில் நானும் அடக்கம். நீயும் நானும் பகிர்ந்துகொள்ளும் ஒன்று. சொந்தக்காரரும் கப்வா, முன்பின் தெரியாதவரும் கப்வா.

இதை வைத்துக்கொண்டு மாநாட்டு மையத்துக்குத் திரும்பிப் போனால் காட்சி மாறுகிறது. அந்தப் பெண்கள் நன்றிக்கடனைக் கைவிடவில்லை. யாருக்குக் கடன் என்பதை மாற்றிப் போட்டார்கள். சம்பளம் மார்கோஸின் பையிலிருந்து வரவில்லை. வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட, பெயர் தெரியாத லட்சக்கணக்கானவர்களுக்குத்தான் கடன். வெட்கமும் அப்படித்தான். மேலதிகாரி முகத்தைப் பார்த்து வருவதும் வெட்கம், பொய்யான எண்ணைப் பார்த்து வருவதும் வெட்கம். அன்றைக்கு இரண்டாவது ஜெயித்தது.

இதில் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. அணியை வழிநடத்திய பெண்ணின் கணவர், மார்கோஸுக்கு எதிராக ரகசியமாகத் திரண்டுகொண்டிருந்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர். எனவே இது திட்டமிட்ட நாடகம் என்று சொன்னவர்கள் உண்டு. இருக்கட்டும். ஒருவருடைய கணவரைக் காட்டி 35 பேரின் பயத்தைக் கழித்துவிட முடியாது. நாம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் அமைப்பு தனியாக எண்ணியதிலும் கொரஸோன்தான் முன்னால் இருந்தார்.

பிப்ரவரி 15-இல் நாடாளுமன்றம் மார்கோஸ் வென்றதாக அறிவித்தது. 22-இல் ராணுவத்தில் ஒரு பகுதி பிரிந்தது. எட்சா நெடுஞ்சாலையில் மக்கள் டாங்குகளின் குறுக்கே நின்றார்கள். 25-ஆம் தேதி இரவு மார்கோஸ் குடும்பம் நாட்டைவிட்டே கிளம்பியது.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் இரண்டே வருடத்தில், 1988-இல், செனட்டர் லெட்டிசியா ஷஹானியின் முயற்சியில் "ஒழுக்க மீட்பு"க்கான ஓர் அறிக்கை வந்தது. பிலிப்பினோக்களின் பலம் ஒரு பட்டியல், பலவீனம் ஒரு பட்டியல். பலத்தில் குடும்பப் பற்று. பலவீனத்தில் அளவுக்கு மீறிய குடும்பப் பற்று. அக்கறையோடு எழுதப்பட்ட அறிக்கைதான், நாட்டின் வரலாறும் அரசியல் அமைப்பும் இந்தக் குணங்களை உருவாக்கியதாக அதுவும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் நடைமுறையில் மிஞ்சியது பட்டியல்தான். டாங்கின் முன் நின்ற மக்களிடம், உங்களுக்கு ஒழுக்கம் போதாது என்று மறுபடி சொன்ன மாதிரி.

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, அதிபர் துதெர்த்தேவுக்குச் சிறப்பு அதிகாரங்கள் தந்த சட்டத்துக்கு "பாயானிஹான்" என்று பெயர் வைத்தார்கள். மூங்கில் கம்புகளைச் செருகி ஒரு குடும்பத்தின் வீட்டையே ஊர்க்காரர்கள் தோளில் தூக்கி இடம் மாற்றுவார்களே, அந்தப் பழைய வழக்கத்தின் பெயர். அடுத்த ஆண்டு ஏப்ரலில் கேஸோன் சிட்டியின் மாகின்ஹாவா தெருவில் ஓர் இளம்பெண் ஒரு மூங்கில் தள்ளுவண்டியில் காய்கறியும் அரிசியும் வைத்தார். முடிந்ததைக் கொடு, தேவையானதை எடு. சில நாட்களில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான வண்டிகள். அசல் பாயானிஹான்! அரசுத் தரப்பின் பதில் என்ன தெரியுமா? இவர்களுக்குக் கம்யூனிஸ்ட் தொடர்பு என்ற பேச்சு, விவரம் கேட்டுப் போலீஸ். முதல் வண்டியையே பாதுகாப்புக்காக ஒருநாள் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அதற்கும் அடுத்த ஆண்டு, மார்கோஸின் மகன் பெரும் வாக்கு வித்தியாசத்தில் அதிபரானார்.

ஆக, 1986 எதையும் நிரந்தரமாகத் தீர்த்துவிடவில்லை. யாருக்குக் கடன் என்ற கேள்வி ஒவ்வொரு தலைமுறைக்கும், ஒவ்வொருவருடைய ஸீட்டுக்கும் மறுபடி வருகிறது.

என் ஸீட்டுக்கும் ஒருமுறை வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு ப்ராஜெக்ட்டில், 30 நாள் தாண்டிய புகார்களை டேஷ்போர்டு கணக்கில் காட்ட வேண்டாம் என்றார்கள். சொன்ன மேனேஜர் எனக்குக் காலேஜ் சீனியர். அந்த வேலைக்கே ரெஃபர் செய்தவர்.

"டேய், இதெல்லாம் பெருசு பண்ணாத. ரிவ்யூ முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"சரிண்ணா."

ஒரே ஒரு வரி ஃபில்ட்டர். அன்று மாலைக்குள் எண் அழகாகிவிட்டது. 30 நாளுக்கு மேல் காத்திருந்தவர்கள் கணக்கிலிருந்தே காணாமல் போனார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அண்ணனைத் தெரியும்.

ரிவ்யூ முடிந்தது. அதன்பின் அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்த வரி இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கலாம்.