ஒரு கோட்டோவியத்தை எப்படிப் பார்ப்பது? 1943 வங்கப் பஞ்சப் படங்கள் கற்றுத்தருவது என்ன?

ஒரு சின்னப் புத்தகம். உள்ளே ஒரு பயணக் குறிப்பும், கறுப்பு மையில் வரைந்த சில படங்களும் மட்டுமே. அதன் 5,000 பிரதிகளைப் பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. ஓவியர் சித்தபிரசாத் பட்டாச்சார்யாவின் 'ஹங்கிரி பெங்கால்' நூலுக்கு நேர்ந்த கதி இது. குடும்பத்தினர் பாதுகாத்த ஒரு பிரதியை வைத்துத்தான் 2011-இல் மறுபதிப்பு வந்தது.

வெறும் கோடுகளைப் பார்த்து ஓர் அரசு ஏன் பயப்படணும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், கோட்டோவியத்தைப் பார்க்கவும் பழகிவிடலாம்.

பின்னணி என்ன?

1943 பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்றது 1945-இல் வந்த விசாரணைக் குழு அறிக்கை. பின்னர் வந்த ஆய்வாளர்கள் பலர் சொல்வது சுமார் 30 லட்சம். அரசோ இதைப் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை.

அந்த நேரத்தில் சித்தபிரசாத் மிதினாப்பூர் மாவட்டக் கிராமங்களுக்குப் போய் வரைந்தார். பிழைப்புத் தேடி கல்கத்தா தெருக்களில் வந்து விழுந்தவர்களை ஜைனுல் ஆபிதீன் வரைந்தார். இருவருக்கும் அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

எதைக் கவனிக்க வேண்டும்?

கோடு: 'அச்சு அசலா இருக்கே' என்று பார்ப்பது முதல் படிதான். அடுத்து, கோடு தடிமனா மெலிசா, வேகமாக இழுத்ததா, தயங்கி நின்றதா என்று பாருங்கள். ஜைனுலின் கோடுகள் தடித்தவை, எண்ணிக்கையில் குறைவு. விலா எலும்பும் முழங்கையும் அதில் துருத்திக்கொண்டு தெரியும்.

விட்ட இடம்: எதை வரையவில்லை என்றும் பாருங்கள். ஜைனுலின் பல படங்களில் தெரு இல்லை, கட்டடம் இல்லை. மனிதர்கள், சிலவற்றில் ஒரு குப்பைத் தொட்டி, அதைச் சுற்றிக் காக்கைகள். சுற்றிலும் வெற்றுக் காகிதம். கண் வேறெங்கும் ஓட முடியாது. அந்த மனிதரிடமே திரும்பி வரும்.

பொருள்: ஜைனுல் பயன்படுத்தியது கரியிலிருந்து தயாரித்த மை, பொட்டலம் கட்டும் மலிவான காகிதம். கையில் கிடைத்ததை வைத்து அவசரமாக வரைந்தவை என்பது படத்திலேயே தெரியும்.

எழுத்து: சித்தபிரசாத் தான் வரைந்தவர்களின் பெயர், ஊர் போன்ற விவரங்களையும் குறித்து வைத்தார். இதைத் தவறவிடாதீர்கள். பெயர் இருந்தால் அது 'ஒரு ஏழை' படம் இல்லை. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் பட்டினி கிடந்தார் என்பதற்கான சாட்சி.

புகைப்படம் போதாதா?

பஞ்சத்தைக் காட்டும் புகைப்படங்களும் வெளியாயின. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் 1943 ஆகஸ்டில் துணிந்து வெளியிட்டது. புகைப்படத்தின் பலம் வேறு, கோட்டோவியத்தின் பலம் வேறு. கேமரா தன் முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் பதிவு செய்யும். வரைபவர் ஒவ்வொரு கோட்டையும் யோசித்துத்தான் போட வேண்டும். அதற்கு அவர் எதிரே இருப்பவரை நிதானமாகப் பார்த்தாக வேண்டும்.

தரவுகளோடு வேலை செய்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 15 லட்சமா, 30 லட்சமா என்ற எண்ணிக்கையை வருடக்கணக்கில் விவாதிக்கலாம். பெயரும் ஊரும் எழுதிய ஒரு முகத்தை அப்படி மறுக்க முடியாது. எரித்தால்தான் உண்டு.

நீங்கள் செய்யக்கூடியது

அடுத்த முறை கோட்டோவியம் ஒன்றைப் பார்க்கும்போது இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். பிறகு பென்சிலை எடுத்து அதில் ஒரு கையையோ தோளையோ நீங்களே வரைந்து பாருங்கள். சரியா வரலைன்னா பரவாயில்லை. ஓவியர் எந்த இடத்தில் கோட்டை நிறுத்தினார், எதை விட்டுவிட்டார் என்பது அப்போதுதான் உங்கள் கண்ணில் படும்.