பாட்டு நம்மது, பாஸ்வேர்டு யாரோடது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.)

கேளம்பாக்கம் ஜங்ஷன்ல சாயங்காலம் ஆறு மணிக்கு நின்னவங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். பிராட்வேல இருந்து வர்ற 102, தாம்பரத்துல இருந்து மாமல்லபுரம் போற 515, காலேஜ் பஸ், கம்பெனி வேன், ஷேர் ஆட்டோ எல்லாம் ஒரே நேரத்துல ஹாரன் அடிக்கும். 2014-ல அந்தச் சத்தத்துக்குப் பயந்து, நானும் மூணு நண்பர்களும் ஒரு வாடகை வீட்டுல பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல போர்வையைக் கட்டி, ராத்திரி ஒரு மணிக்கு மேல ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்ணோம். ஒரு லேப்டாப், ஒரு மைக், கடன் வாங்கின ஆடியோ இன்டர்ஃபேஸ். அவ்வளவுதான் எங்க ஸ்டூடியோ.

பாட்டை எல்லா ஆப்லயும் ஏத்தித் தர்ற ஒரு கம்பெனியில கணக்கு ஆரம்பிச்சோம். டிரம்ஸ் வாசிச்ச நண்பன் தன்னோட காலேஜ் மெயில் ஐடியைக் கொடுத்தான். முந்நூறு பேர் கேட்டாங்க. அதுல பாதி சொந்தக்காரங்க. அப்புறம் ஆளுக்கொரு வேலைக்குப் போயிட்டோம்.

போன வருஷம் யாரோ அந்தப் பாட்டோட இருபது செகண்டை ஒரு ரீல்ஸ்க்குப் போட்டாங்க. திடீர்னு கேட்கிறவங்க கூடினாங்க. சரி, மறுபடியும் ஆரம்பிக்கலாம்னு பார்த்தா, கணக்குக்குள்ள போக முடியல. காலேஜ் முடிஞ்சதும் அந்த மெயில் ஐடியை மூடிட்டாங்க. கம்பெனிக்கு எழுதினா, "பதிவு செஞ்ச மெயில்ல இருந்து எழுதுங்க"ன்னு பதில். காசு பெருசா இருக்காதுங்க. ஆனா எங்க பேர்ல இருக்கிற பக்கத்துக்கு எங்களால ஒரு புதுப் பாட்டு ஏத்த முடியல. இந்தக் கடுப்புலதான் பழைய கதையெல்லாம் தேடிப் படிச்சேன். நமக்கு முன்னாடி பாடினவங்க எல்லாருக்கும் இதே பிரச்சினை வேற வேற உருவத்துல வந்திருக்கு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

கோடம்பாக்கம் கேட்

தமிழ்ல பாட்டுன்னாலே சினிமாப் பாட்டுன்னு ஆனதுக்கு ஒரு எளிய காரணம் உண்டு. ரெக்கார்டிங் ரொம்பச் செலவு பிடிக்கிற வேலை. தியேட்டர் வேணும், வாத்தியக்காரங்க வேணும், இசைத்தட்டு அச்சடிக்க ஒரு கம்பெனி வேணும். ஏவி.எம். ஸ்டூடியோ 1948-ல கோடம்பாக்கத்துக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் படிப்படியா பாட்டு, பணம், ஆள் எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்துலயே சேர்ந்துருச்சு.

வெளியே நின்னு ஜெயிச்சவங்க இல்லாம இல்ல. நாகூர் ஹனிபாவை எடுத்துக்கோங்க. சினிமாவுல அவர் பாடினது கொஞ்சம்தான். இஸ்லாமியப் பாடல்கள், திராவிட இயக்க மேடைகள், இசைத்தட்டு, அப்புறம் கேசட்னு அரை நூற்றாண்டுக்கு மேல தன் குரலை மட்டும் நம்பி வாழ்ந்தார். ஆனா அவருக்குப் பின்னாடி ஊர் ஊரா ஒரு ரசிகர் கூட்டம் இருந்துச்சு. அந்தக் கூட்டம் எல்லாருக்கும் வாய்க்காது.

கடல் தாண்டி வந்த பாட்டு

சினிமா இல்லாம தமிழ்ப் பாட்டு ஹிட் ஆகும்னு முதல்ல பெரிய அளவுல காட்டினது இலங்கை. 1960-கள்ல அங்க பைலா தாளமும் கிட்டாரும் சேர்ந்து தமிழ்ல ஒரு பொப் இசை பிறந்துச்சு. யாழ்ப்பாணத்துக்காரர் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாடினார். அவருக்கு 'பொப் இசைச் சக்கரவர்த்தி'ன்னே பட்டம் கொடுத்தாங்க.

இந்தப் பாட்டெல்லாம் தமிழ்நாட்டுக்கு வந்து, மெல்லிசைக் குழு இருக்கிற ஊர்லெல்லாம் ஒலிச்சுது. 1977-ல 'அவர் எனக்கே சொந்தம்' படத்துலயும் 'சுராங்கனி' வந்துச்சு. ஆனா கல்யாண மேடையில 'சின்ன மாமியே' பாடினவங்கள்ல எத்தனை பேருக்கு நித்தி கனகரத்தினம்னு ஒருத்தர் ஆஸ்திரேலியாவுல இருக்கார்னு தெரியும்? பாட்டு கடல் தாண்டிருச்சு, பேர் தாண்டல. பேர் வராத இடத்துக்குக் காசும் வராது. இந்தக் கதையில இது முதல் பாடம்.

கேசட்: கதவு திறந்துச்சு, கணக்கு மூடியே இருந்துச்சு

அடுத்தது கேசட். இசைத்தட்டு அச்சடிக்க ஃபேக்டரி வேணும். கேசட் காப்பி எடுக்க ஒரு சின்ன ரூம் போதும். 1980-கள்ல இந்தியா முழுக்க உள்ளூர் கம்பெனிகள் முளைச்சுது. பக்திப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு, வடசென்னை கானா எல்லாம் முதல் தடவையா சந்தைக்கு வந்துச்சு. சாவு வீட்டுல விடிய விடியப் பாடின மரண கானாவை, பாடினவர் குரல்லயே டீக்கடையில கேட்க முடிஞ்சுது.

ஆனா பாடினவருக்குப் பெரும்பாலும் ஒரே தடவை ஒரு தொகை. எத்தனை கேசட் வித்துச்சுன்னு கம்பெனி சொல்றதுதான் கணக்கு. அதுக்கு மேல திருட்டு காப்பி வேற.

அதே காலத்துல கோடம்பாக்கத்துக்குள்ள இன்னொரு மாற்றம் நடந்துச்சு. கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்து, நாற்பது வயலின் வாசிச்ச இடத்துல ஒரு ஆள் உட்கார்ந்தார். தினமும் கால்ஷீட் இருந்த வாத்தியக்காரங்க பலர் மெல்லிசை மேடைக்கும் டியூஷனுக்கும் போனாங்க. அதாவது, பாட்டு எடுக்கிற செலவைக் குறைச்ச அதே கருவிதான் அவங்க பிழைப்பையும் குறைச்சுது. இன்னைக்கு ஏஐ பத்தி நாம பேசும்போது இதையும் ஞாபகம் வச்சுக்கணும்.

இணையம் ஒரு விசிட்டிங் கார்டு

யோகி பி-யோட கதை சுவாரசியமானது. மலேசியாவுல 'பொயட்டிக் அம்மோ'ங்கிற ராப் குழுவுல பேர் வாங்கினவர். 2006-ல 'யோகி பி & நட்சத்ரா'ன்னு சேர்ந்து, 'வல்லவன்'னு ஒரு தமிழ் ராப் ஆல்பம் போட்டாங்க. அது இங்க வந்தது சிடி கடை வழியா மட்டும் இல்ல. எம்பி3 ஃபைலா, பென் டிரைவ்ல, ப்ளூடூத்ல கைக்குக் கை மாறி வந்துச்சு. அடுத்த வருஷமே 'பொல்லாதவன்' படத்துல அவர் குரல் வந்துச்சு.

2011-ல 'கிளப்புல மப்புல' யூடியூப்ல பரவி, ஹிப்ஹாப் தமிழாவை ஊருக்கே தெரிய வச்சுது. பெண்களைப் பத்தி அந்தப் பாட்டு பேசின விதத்துக்குத் திட்டும் நிறைய விழுந்துச்சு. 2012-ல 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம், 2015-ல 'ஆம்பள' படத்துக்கு இசை. நாலே வருஷம்.

பழைய முகங்களுக்கும் இரண்டாவது வாய்ப்பு வந்த காலம் அது. கானா பாலா ரொம்ப நாள் 'அனாதை பாலா'ங்கிற பேர்ல கானா பாடிட்டு இருந்தவர். 2007-ல 'பிறகு' படத்துல பாடியும் பெருசா ஒண்ணும் நடக்கல. 2012-ல 'அட்டகத்தி' வந்தப்புறம்தான் எல்லாரும் அவரைத் தேடினாங்க. அவரைத் திருப்பிக் கொண்டு வந்தது ஒரு சினிமாதான். ஆனா அதுக்கப்புறம் அவரோட பாட்டுகளை வீடு வீடாக் கொண்டு போனதுல யூடியூப்புக்குப் பெரிய பங்கு.

கவனிச்சீங்களா? இந்த வரிசையில பெரும்பாலும் பேர் இணையத்துல வருது, சம்பளம் சினிமாவுல வருது. இணையம் ஒரு விசிட்டிங் கார்டு மாதிரி. கார்டைப் பார்த்துட்டு கோடம்பாக்கம் கூப்பிடும். கூப்பிடலைன்னா? கார்டு கையிலயே இருக்கும்.

2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா விலை சரிஞ்சதும் கேட்கிறவங்க எண்ணிக்கை எங்கேயோ போயிருச்சு. 2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்துல 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை ஏறுச்சு. இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில. சினிமா கூப்பிடணும்னு காத்திருக்காம, சாதியைப் பத்தி நேராப் பாடினாங்க. அந்த மேடையில பாடின இசைவாணி 2020-ல பிபிசி-யோட 100 பெண்கள் பட்டியல்ல இடம்பிடிச்சாங்க.

மேடை மூடின வருஷம்

2020 மார்ச். ஊரடங்கு. பங்குனில ஆரம்பிச்சு ஆடி வரைக்கும் கோயில் திருவிழாவை நம்பி இருக்கிற நாதஸ்வரம், தவில், பறை, கரகாட்டக் கலைஞர்களுக்கு ஒரு முழு சீசன் போச்சு. அவங்களுக்கு அது ஒரு வருஷச் சம்பளம்.

டிசம்பர் வந்தப்போ சபாக்கள் இணையத்துக்கு மாறினாங்க. சென்னை சபாக்களோட கூட்டமைப்பு 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி'ன்னு ஆன்லைன்லயே ஒரு சீசன் நடத்தினாங்க. மியூசிக் அகாடமியும் அந்த வருஷம் டிஜிட்டல்லதான். மயிலாப்பூர் போகாமலே மெல்போர்ன்ல இருந்து டிக்கெட் எடுத்துக் கச்சேரி கேட்டாங்க. வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு ஸ்கைப்ல பாடம் எடுத்துட்டு இருந்த வித்வான்களுக்கு அந்த வருமானம் கைகொடுத்துச்சு.

ஆனா தவிலை ஜூம்ல எப்படி வாசிக்கிறது? மைக் தாங்காது, நெட் தாங்காது. சாவுக்குப் பறை அடிக்கிறவரை யார் ஆன்லைன்ல கூப்பிடுவாங்க? ஒரே இணையம்தான். ஏற்கனவே லேப்டாப்பும் அமெரிக்காவுல சிஷ்யர்களும் இருந்தவங்களை அது காப்பாத்துச்சு. மத்தவங்களுக்கு அரிசி மூட்டைதான் தேவைப்பட்டுச்சு. 'எல்லாருக்கும் வாய்ப்பு'ன்னு சொல்றதுக்கு முன்னாடி இதையும் சொல்லணும்.

'எஞ்சாயி எஞ்சாமி'

2021 மார்ச் 7. தீ, அறிவு பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில 'எஞ்சாயி எஞ்சாமி' வெளியாச்சு. வெளியிட்டது மாஜா; சுயாதீனக் கலைஞர்களுக்குன்னு தொடங்கின தளம், ஏ.ஆர்.ரஹ்மானோட ஆதரவும் இருந்துச்சு. அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளோட வாழ்க்கையில இருந்தும், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பின குடும்பக் கதையில இருந்தும் எடுத்து எழுதினது. படம் இல்லாம, ஹீரோ இல்லாம, கோடிக்கணக்கான பேர் கேட்டாங்க.

அதுக்கப்புறம்தான் கசப்பு. அந்த ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டைப்படத்துல அறிவு இல்ல. பா.ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்டாங்க. 2022 ஜூலை 28, செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவுல அந்தப் பாட்டு வந்துச்சு, மேடையில அறிவு இல்ல. பாட்டுல யாரோட உழைப்பு எவ்வளவுன்னு அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் மூணு பேரும் அவங்கவங்க தரப்பைப் பொதுவெளியில எழுதினாங்க. 2024 மார்ச்ல சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோவுல, இந்தப் பாட்டுல இருந்து தங்களுக்கு இதுவரைக்கும் வருமானமே வரலைன்னு சொன்னார். மாஜா தரப்பு அதை மறுத்துச்சு.

யார் பக்கம் நியாயம்னு நான் இங்க தீர்ப்பு சொல்லப் போறதில்ல. எனக்குத் தூக்கம் வராம பண்ணினது வேற: இவ்வளவு பெரிய பேர்கள், இவ்வளவு பெரிய ஹிட், இருந்தும் கணக்கு எங்க இருக்குன்னு பொதுவெளியில சண்டை போட வேண்டியிருக்கு. அப்போ பீரோ பக்கத்துல ரெக்கார்ட் பண்ற நாம எந்த மூலைக்கு?

எழுதி வச்சுக்கணும்

சட்டம் நமக்குக் கொஞ்சம் பக்கபலமா இருக்கு. 2012-ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினாங்க. பாட்டு எழுதினவரும் இசையமைச்சவரும் தங்களோட ராயல்டி உரிமையைக் கம்பெனிக்கு மொத்தமா எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. வாரிசுக்கோ, உரிமை வசூலிக்கிற சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்க முடியும். அந்தச் சங்கம்தான் ஐபிஆர்எஸ். ஆனா நீங்க அங்க பதிவு பண்ணாம இருந்தா, காசு வந்தாலும் யாருக்குக் கொடுக்கிறதுன்னு தெரியாது. பாடகர்களுக்கும் வாத்தியக்காரங்களுக்கும் இது பொருந்தாது, அவங்களுக்குத் தனி உரிமை, தனிச் சங்கம்.

ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் ஐஎஸ்ஆர்சின்னு 12 எழுத்து, எண்ணுள்ள ஒரு குறியீடு உண்டு. பாட்டோட ஆதார் கார்டுன்னு வச்சுக்கோங்க. அதைக் குறிச்சு வைங்க. அப்புறம், கேட்கிறவங்க குறைவா இருந்தா சும்மாதான்: 2024-ல இருந்து ஸ்பாடிஃபைல ஒரு பாட்டு வருஷத்துக்கு ஆயிரம் தடவையாவது ஓடினாத்தான் காசு கணக்கு ஆரம்பிக்கும்.

அதே 2024-ல சாய் அபயங்கர் 'கட்சி சேர' பாட்டோட வந்து, வரிசையா படங்கள் ஒப்பந்தமானார். விசிட்டிங் கார்டு இன்னும் வேலை செய்யுது. ஆனா அவர் திப்பு, ஹரிணியோட பையன். வீட்டுலயே ரெண்டு பாடகர்கள். எல்லார் வீட்டு நிலவரமும் அதில்ல.

எங்க கதைக்கு வர்றேன். போன மாசம் நாலு பேரும் கேளம்பாக்கத்துல, கோவளம் ரோட்டுல ஒரு டீக்கடையில உட்கார்ந்தோம். டிரம்ஸ் நண்பன் "சாரிடா மச்சான்"னு பத்து தடவை சொன்னான். அவன் தப்பு என்ன இருக்கு? கணக்கு ஆரம்பிச்சப்போ நாங்க யாருமே கேட்கலையே. ஒரு நோட்டுப் புத்தகத்துல எழுதினோம்: வரி யார், மெட்டு யார், வாசிச்சது யார், யாருக்கு எத்தனை சதவீதம். நாலு கையெழுத்து. பொதுவா ஒரு மெயில் ஐடி. பாஸ்வேர்டு நாலு பேர்கிட்டயும்.

அதே பாட்டைத் திரும்ப ரெக்கார்ட் பண்றோம், புதுப் பேர்ல. பீரோ மாறிடுச்சு, ஹாரன் மாறல. பழைய பாட்டு அங்கேயே ஓடிட்டு இருக்கட்டும். அதைக் கேட்கிறவங்க எங்களைத் தேடி வந்தா, கமென்ட்ல வழி போட்டு வச்சிருக்கோம்.

நீங்களும் நண்பர்களோட சேர்ந்து ஏதாவது ஏத்தியிருந்தா, இந்த எபிசோட் முடிஞ்சதும் ஒரு வேலை பண்ணுங்க. அந்தக் கணக்கு எந்த மெயில்ல இருக்குன்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க. சண்டை வர்றதுக்கு முன்னாடி கேட்டா, அது சும்மா ஒரு கேள்விதான்.

அடுத்த வாரம் சந்திப்போம்.