பெரட்டுக்களத்தில் பேணிப்பந்து

எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குப் பந்தென்றால் துணிப்பந்துதான். கிழிந்த சேலைத் துண்டுகளை இறுகச் சுருட்டி, மேலே சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டினால் பந்து தயார். ஏழு பால்பேணிகள் சேர்ந்துவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். பேணி கிடைக்காத நாளில் தட்டைக் கற்கள்.

பேணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கோட்டுக்கு அப்பால் நின்று ஒருவன் எறிவான். பேணிகள் சரிந்ததும் அவனுடைய கட்சி சிதறி ஓடும். எதிர்க்கட்சி பந்தால் அடித்து எல்லோரையும் வெளியேற்றுவதற்குள் பேணிகளை மறுபடி அடுக்கிவிட வேண்டும். தமிழகத்தில் இதைக் கற்களால் ஆடி ஏழாங்கல் என்பார்கள், மராட்டியத்தில் லகோரி. ஹட்டன் பக்கத்து எங்கள் தோட்டத்தில் அது பேணிப்பந்து.

ஆடியது பெரட்டுக்களத்தில். விடியற்காலையில் தொழிலாளரைக் கூட்டிப் பெயர் வாசித்து, வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் அது. 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான் எங்கள் வாயில் பெரட்டு ஆயிற்று. துரைமாருக்கு வேறு மைதானங்கள் இருந்தன. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டார். அடுத்த வருடமே டிக்கோயாவில் தரவளைக் கழகம் தோன்றிவிட்டது. அவர்களுடைய ஆட்டங்களுக்குப் பதிவு உண்டு. காலையில் பெற்றோருக்கும் மாலையில் பிள்ளைகளுக்கும் உரியதாயிருந்த எங்கள் களத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

கட்சி பிரிப்பதே ஒரு தனி ஆட்டம். இருவர் தோளில் கைபோட்டுத் தள்ளிப்போய் இரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "கோப்பி வேணுமா, தேயிலை வேணுமா?" என்று கேட்பார்கள். 1869இல் வந்த இலைநோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. பிள்ளைகள் வாயில் கோப்பி அழியவில்லை.

ஒற்றையாக மிஞ்சுகிறவன் ஒப்புக்குச் சப்பாணி. இரண்டு கட்சிக்கும் ஓடுவான்; பந்து பட்டாலும் அவுட் இல்லை. எங்கள் களத்தில் அது பெரும்பாலும் என் தம்பிதான்.

நாங்கள் இப்படி ஆடிக்கொண்டிருக்க, எங்களை வைத்து வேறொரு கட்சி பிரிப்பு நடந்துகொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கையொப்பமான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். பத்து வருடங்களாக அவர்கள் இரு நாடுகளுக்கும் ஒப்புக்குச் சப்பாணிகள். ஆனால் எங்கள் சப்பாணிக்கு ஆட்டத்தில் ஓர் இடமாவது இருந்தது.

1973, 74 காலத்துப் பட்டினிக்குப் பிறகு எங்கள் லயத்திலிருந்து குடும்பங்கள் கிளம்பத் தொடங்கின. குறி தவறாமல் எறியும் என் கூட்டாளியின் வீட்டுக்கும் கடவுச்சீட்டு வந்தது. ஹட்டன் ஸ்டேசனில் பெரியவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்த ரயிலுக்கு மலையகம் வைத்த பெயரே 'ஒப்பாரிக் கோச்சி'. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம். அங்கிருந்து மண்டபம் முகாம். அவன் எங்கள் பந்தையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். எனக்குக் கோபம்தான் வந்தது. போகிற இடத்தில் அவனுக்குக் கட்சி சேர ஆள் கிடைக்குமா என்று நினைத்துப் பார்க்க அந்த வயதில் தெரியவில்லை.

புதுப்பந்து சுற்றினோம். பத்துப் பேர் எட்டானோம், பிறகு ஆறானோம். ஒரு நாள் கட்சி பிரித்தபோது ஆள் காணாமல் தம்பியை முழு ஆட்டக்காரனாகச் சேர்த்துக்கொண்டோம். ஏழு வயது அவனுக்கு. அன்றைக்கு அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஏன் தனக்கு அந்த இடம் கிடைத்தது என்று அவன் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

1984இல் கப்பல் நின்றது. எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியது. போனவர், இருந்தவர் தொகையெல்லாம் ஆவணங்களில் இருக்கிறது. ஒரு பெரட்டுக்களத்தில் ஆட்டத்துக்கு ஆள் குறைந்த கதை எந்த ஆவணத்திலும் இல்லை. அதை எழுதிவைக்க வேண்டியவர்கள் அங்கே ஆடியவர்கள்தான்.