திருவிருந்துப் பாத்திரமும் திருச்சி வெயிலும்

திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்தில் திருவரங்கம் செல்லும் பேருந்துக்காகக் காத்து நிற்போர் மலைக்கோட்டையை அண்ணாந்து பார்ப்பர். தெப்பக்குளத்தருகே நிற்கும் கிறிஸ்து ஆலயத்தை நினைப்பவர் சிலரே. 1762இல் திருச்சிக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயரின் முயற்சியால் 1766இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம் அது. இத்தகைய ஆலயங்களில் நற்கருணைக்குரிய திராட்சரசம் எவ்விதம் கெடாமல் காக்கப்பட்டது என்னும் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் நம் சபைகளில் இன்றும் ஓயாத ஒரு வழக்கின் வேர் அதில்தான் இருக்கிறதென்று நாம் எண்ணுகிறோம்.

சுவார்ட்ஸ் ஐயர் கல்வி பயின்ற ஹாலே நகரம் சாலே நதிக்கரையிலுள்ளது. அந்நதியும் உன்ஸ்ட்ரூட் நதியும் சேரும் நிலப்பகுதியில் திராட்சத்தோட்டங்கள் இருந்தமைக்கு 998ஆம் ஆண்டின் சாசனம் சான்று பகர்கிறது. அத்தகைய குளிர்நாட்டில் கனி மெதுவாகப் பழுக்கும். இனிப்பு குறையும், புளிப்பு மிகும். வெள்ளை ரசம் மென்மையும் கூர்மையும் உடையது. சிவப்பு ரசமோ பெரும்பாலும் வெளிறியது. சுவை அறிந்தோர் நிறத்தை நோக்கி, மணத்தை முகர்ந்து, பின்னரே நாவில் நிற்கும் புளிப்பை மதிப்பிடுவர். அப்புளிப்பே ரசத்துக்குக் காவல். ஏறக்குறைய 12 பாகை வெப்பமுள்ள நிலவறையில் நல்ல ரசம் ஆண்டுக்கணக்கில் கெடாமல் நிற்கும்.

சித்திரை வெயில் 40 பாகையைத் தாண்டும் திருச்சியில் நிலத்தைத் தோண்டினாலும் அக்குளிர்ச்சி கிட்டாது. திறந்த குப்பியில் காற்றுப் பட்டால் நுண்ணுயிர்கள் ரசத்தைக் காடியாக்கிவிடும். நாம் இளங்குருவாக ஊழியம் செய்த ஒரு கிராமச் சபையில், பெரிய வெள்ளிக்குப்பின் எஞ்சிய குப்பியை உயிர்த்தெழுதல் பண்டிகையன்று திறந்தபோது, முதிய கோயிற்பிள்ளை முகர்ந்து பார்த்து, "ஐயா, இது காடி" என்றார். சிலுவையில் ஆண்டவருக்குக் கொடுக்கப்பட்டதும் காடியே என்பதை அன்று நாம் வேறுவிதமாய் உணர்ந்தோம். உரோமப் போர்ச்சேவகர் அன்றாடம் நீர் கலந்து பருகிய புளித்த ரசம் அது.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கப்பல்கள் இந்நாட்டுக்குக் கொணர்ந்த ரசங்களில் மதேராத் தீவின் ரசம் முதன்மை பெற்றமைக்குக் காரணம் இதுவே. சாராயச் சத்துச் சேர்த்த அந்த ரசம் கடல்வெப்பத்தில் கெடவில்லை, சுவை கூடிற்று. இந்தியாவரை சென்று திரும்பிய பீப்பாய்களுக்கு ஐரோப்பாவில் தனி மதிப்பே உண்டாயிற்று. மென்மையான குளிர்நாட்டு ரசம் தோற்ற இடத்தில், வெயிலிலேயே முதிர்ந்த ரசம் வென்றது.

கப்பற்சரக்கு எட்டாத ஊர்ச்சபைகள் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கொதிக்கவைத்து வடிகட்டின. இது சிக்கனமும் தேவையும் கற்பித்த முறை. பின்னர் அதற்கு ஓர் உபதேசம் வந்து சேர்ந்தது. பாஸ்டரின் சூடேற்றும் முறையைக் கையாண்டு 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்னும் மெதடிஸ்டுப் பல் மருத்துவர் நொதியாத ரசத்தைக் குப்பியில் அடைத்தார். மதுவிலக்கு இயக்கத்தார் அதனை வரவேற்றனர். ஆண்டவர் பந்தியிலும் இத்தகையதே இருந்ததென்று சிலர் போதிக்கலாயினர். இதை நம்மால் ஏற்க இயலவில்லை. பாலஸ்தீனத்தில் திராட்சை அறுவடை கோடையின் முடிவில், பஸ்காவோ வசந்தகாலத்தில். அத்தனை மாதம் பிழிந்த சாறு நொதியாமல் நின்றிராது. அதேவேளையில், இராப்போசன வரலாற்றில் சுவிசேஷகர்கள் மதுவைக் குறிக்கும் வழக்கமான கிரேக்கச் சொல்லை விடுத்து, திராட்சைச்செடியின் கனி என்றே எழுதினர் என்பதும் கவனிக்கத்தக்கது. உரோமன் கத்தோலிக்கத் திருச்சபை சட்டமோ, 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 924ஆம் விதியில், இயற்கையானதும் கெடாததுமான ரசத்தையே கேட்கிறது.

பாத்திரத்துக்குள் இருந்தது பற்றிய இவ்வழக்கைவிட, அதில் யார் முதலில் வாய்வைப்பது என்னும் வழக்கே நம் முன்னோரைக் கொடிதாய்ப் பிரித்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாதென்று நிருபம் விடுத்தபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் ஒரே பாத்திரத்தைவிடச் சபையை விட்டகல்வதே மேலென்று கருதினர். அவர்கள் கெட்டுப்போன ரசத்துக்காக அகன்றவர்கள் அல்லர்.

இன்று நம் கைக்கு எளிதில் எட்டுவது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் 1832இல் இதைக் கொணர்ந்தார் என்பது வழிவழிச் செய்தி. மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இவ்வினத்தின் பெற்றோரில் ஒன்று, ஜெர்மனியின் குளிர்ந்த வூர்ட்டம்பெர்க்கில் வெளிறிய சிவப்பு ரசம் தரும் திரோலிங்கர். அங்கே கொடி பனிக்காலம் முழுதும் உறங்கி ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும். கம்பத்தில் அதற்கு உறக்கமில்லை. கவாத்து செய்யச் செய்ய மீண்டும் காய்க்கிறது.

எஞ்சிய ரசத்தை ஆலயத்திலேயே பயபக்தியோடு அருந்தி முடிக்கும்படி 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபநூல் கட்டளையிடுகிறது. இங்கிலாந்தில் அது பக்தியைப் பற்றிய ஒழுங்கு. திருச்சியிலோ, சனிக்கிழமை வடித்த சாறு திங்கட்கிழமைவரை நிற்பதில்லை.